கொல்கத்தாவில் அன்னை தெரேசாவின் இல்லங்களில் தொண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்கத்தாவுக்குப் போய்ச் சில நாள் அன்னை தெரேசாவின் இல்லங்களில் வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நான் போய் வந்தவன் என்பதால், புறப்படுவதற்கு முன் என்னிடம் கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலும் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இந்த இல்லங்கள் எவை? யாருக்காக நடத்தப்படுகின்றன?

1929இல் இந்தியா வந்து, கொல்கத்தாவின் எண்டாலி பகுதியில் லொரேட்டோ கன்னியர் நடத்திய பள்ளியில் ஆசிரியையாக இருந்த தெரேசா, 1948இல் அம்மடத்தை விட்டு வெளியேறிச் சேரிகளில் பணி செய்யத் தொடங்கினார். அவர் நிறுவிய பிறர் அன்பின் பணியாளர் சபைக்கு 1950 அக்டோபர் 7 அன்று திருச்சபையின் அங்கீகாரம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, காளிகாட் காளி கோயிலை ஒட்டியிருந்த யாத்திரிகர் சத்திரம் ஒன்றை மாநகராட்சி அவருக்கு ஒதுக்கிக் கொடுக்க, 1952 ஆகஸ்ட் 22 அன்று அங்கே ‘நிர்மல் ஹிருதய்’ திறக்கப்பட்டது. நடைபாதையிலும் ரயில் நிலையங்களிலும் கேட்பாரற்றுக் கிடந்து, எந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளாத நிலையில் இருப்பவர்களுக்கான இல்லம் அது. ‘தூய இதயம்’ என்று பொருள்படும் அப்பெயரைத் தொண்டர்கள் யாரும் சொல்வதில்லை. ‘காளிகாட்’ என்றே குறிப்பிடுவார்கள்.

நகரில் வேறு இல்லங்களும் உண்டு. பார்க் சர்க்கஸ் பக்கம் உள்ள ‘பிரேம் தான்’ நீண்ட காலம் தங்கவேண்டியவர்களுக்கானது. முதுமை, மனநோய், ஊனம், மீண்டும் போக வீடில்லாத நிலை என்று பல காரணங்களால் அங்கே வந்து சேர்ந்தவர்களைக் காணலாம். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குத் ‘தயா தான்’ இருக்கிறது. 1955இல் தொடங்கிய ‘சிசு பவன்’ கைவிடப்பட்ட குழந்தைகளுக்கானது. இவை எல்லாவற்றுக்கும் தலைமையகம் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை, 54ஏ எண்ணில் உள்ள ‘மதர் ஹவுஸ்’. அன்னையின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

நான் கிறிஸ்தவன் அல்லன். வரலாமா?

தாராளமாக வரலாம். உங்கள் மதம் எது என்பதை வைத்து யாரும் வேலை கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. என்னோடு ஒரே தொட்டியில் துணி பிழிந்தவர்களில் ஒருவர் ஜப்பானியப் பௌத்தர், மற்றொருவர் எந்தக் கடவுளையும் நம்பாத ஸ்பானியர். காலைத் திருப்பலி என்னும் பூசை வழிபாட்டுக்குப் போவது உங்கள் விருப்பம். ஆனால் சகோதரிகள், அதாவது சபையின் கன்னியர், வேலைக்கு நடுவே சட்டென்று நிறுத்தி ஜெபம் சொல்வார்கள்; அந்த இரண்டு நிமிடங்கள் அமைதியாக நிற்பது மரியாதை.

பதிவு செய்வது எப்படி?

நான் சென்றபோது திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் பிற்பகல் மூன்று மணிக்குச் சிசு பவனில் பதிவு நடந்தது. அடையாள அட்டையின் நகலை எடுத்துச் செல்ல வேண்டும்; வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டு. ஒரு சகோதரி உட்கார வைத்துப் பேசுவார், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்பார், எந்த இல்லத்துக்குப் போவது என்பதை முடிவு செய்வார். ஒரு சிறு அனுமதிச் சீட்டு தருவார்கள். கட்டணம் எதுவும் கிடையாது. இந்த ஏற்பாடுகளும் நேரங்களும் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மதர் ஹவுஸுக்கு எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

‘உங்களை அன்னை தெரேசா இல்லத்தில் சேர்த்துவிடுகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள்’ என்று சொல்லும் சுற்றுலா இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு ரூபாய்கூட நோயாளியின் படுக்கைக்குப் போய்ச் சேர்கிறது என்று எண்ண வேண்டாம்.

இலங்கை, மலேசியா போன்ற நாடுகளிலிருந்து வரும் தமிழர்கள் தங்கள் விசா இப்பணிக்கு இடம் தருகிறதா என்பதை இந்தியத் தூதரகத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறு மணிக்கு மதர் ஹவுஸ் சிற்றாலயத்தில் திருப்பலி. நாற்காலிகள் இல்லை, சகோதரிகள் தரையில் அமர்ந்திருப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே வாகனங்கள் போடும் சத்தத்தில் மறையுரை பாதி காதில் விழாது. பாடுபட்ட சிலுவையின் அருகே சுவரில் ‘தாகமாயிருக்கிறது’ என்ற இயேசுவின் சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும்; உலகெங்கும் இச்சபையின் எல்லாச் சிற்றாலயங்களிலும் இதே சொல்லைக் காணலாம். ஏழு மணிக்குத் தொண்டர்களுக்கு ரொட்டி, வாழைப்பழம், டீ. அதன்பின் அவரவர் இல்லத்துக்குக் கூட்டமாக நடந்தோ பேருந்திலோ புறப்படுவார்கள். எட்டு மணி சுமாருக்குத் தொடங்கும் வேலை நண்பகலில் முடியும். இடையில் ஒருமுறை டீயும் பிஸ்கட்டும் உண்டு. பிற்பகலில் மூன்றிலிருந்து ஐந்து வரை மற்றொரு முறை. வியாழக்கிழமை தொண்டர்களுக்கு விடுமுறை.

என்ன வேலை தருவார்கள்? உண்மையாகவே துணி துவைப்பதுதானா?

ஆம், உண்மையாகவே துணி துவைப்பதுதான். குறைந்தபட்சம் முதல் ஒரு மணி நேரம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

படுக்கையிலேயே கழிந்துவிடும் ஐம்பது அறுபது பேர் இருக்கும் ஒரு கூடத்தில், ஒவ்வொரு நாள் காலையிலும் விரிப்பு, போர்வை, லுங்கி, நைட்டி எல்லாமே மாற்றப்படும். அத்தனையும் கையால் துவைக்கப்படுவதே அங்கே நெடுங்கால வழக்கம். சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருக்கும். முதல் தொட்டிக்கு வருவதற்கு முன்பே மலம் ஒட்டிய துணிகளைத் தனியே அலசிவிடுவார்கள். பிறகு கிருமிநாசினி கலந்த நீர், அடுத்ததில் சோப்பு, அதன்பின் இரண்டு முறை நல்ல நீர். கனமான போர்வையை ஒருவரால் பிழிய முடியாது. ஒரு முனையை நீங்களும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்துக்கொண்டு, எதிரெதிர்ப் பக்கமாக முறுக்க வேண்டும். என் முதல் நாளில் இரண்டு பேருமே ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தோம். போர்வை சுழன்றதே தவிர ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. அங்கே கூலிக்கு வேலை செய்யும் பெண்களை ‘மாஷி’ என்று அழைப்பார்கள். வங்காளத்தில் சித்தி, பெரியம்மா முறைக்கு உரிய சொல் அது. அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து என் கை இரண்டையும் பிடித்துத் திருப்பி வைத்தார். பிழிந்தவற்றை வாளியில் அள்ளி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்க் கொடியில் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் இதே துணிகளை மூன்று முறை இறக்கி ஏற்ற நேரும்.

இயந்திரம் வாங்கினால் என்ன என்ற கேள்வி எனக்கும் வந்தது. தாங்கள் சேவை செய்யும் ஏழைகளைப் போலவே தாங்களும் வாழ வேண்டும் என்பது சபையின் நெறி. சகோதரிகள் தங்கள் சேலைகளையும் வாளியில்தான் துவைத்துக்கொள்கிறார்கள். அந்த நெறியை நான் மதிக்கிறேன். ஆனாலும் நோயாளியின் நலனுக்காக இயந்திரம் வைப்பதில் ஏழ்மைக்கு என்ன குறை வந்துவிடும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

துவைத்து முடித்தபின் கூடத்துக்குள் வேலை: எண்ணெய் தேய்த்துவிடுவது, நகம் வெட்டுவது, முகம் மழிப்பது, கழிவறைக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போவது, மதியம் சோறும் பருப்பும் மீன் குழம்பும் ஊட்டிவிடுவது, தட்டு கழுவுவது. ஆண்கள் கூடத்தில் ஆண்களும் பெண்கள் கூடத்தில் பெண்களும் வேலை செய்வார்கள். ஊட்டுவதற்குப் பொறுமை வேண்டும். ஒரு கவளம் விழுங்க ஒரு நிமிடம் எடுக்கும் முதியவருக்கு வேகமாக ஊட்டினால் புரையேறிவிடும். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கவளம்.

எனக்கு மருத்துவப் பயிற்சி இல்லையே?

தேவையில்லை. பயிற்சி இருந்தால் பதிவின்போதே சொல்லுங்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலையில் செவிலியர்களும் மருத்துவர்களும் மிகவும் பயன்படுவார்கள். பயிற்சி இல்லாதவர் ஊசியையும் மருந்தையும் தொடாமல் இருப்பதே நல்லது. ‘கொஞ்சம் பிடியுங்கள்’ என்று யாராவது கேட்டாலும், தெரியாது என்று சொல்லத் தயங்க வேண்டாம். கல்லீரல் அழற்சி பி, டெட்டனஸ் தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டு போங்கள். காசநோய் உள்ளவர்கள் இருப்பார்கள், ஆகவே முகக்கவசம் கைவசம் இருக்கட்டும். சொறி சிரங்கு ஒட்டிக்கொள்ளக்கூடும். வீடு திரும்பியபின் இரவில் அரிப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று வராதீர்கள்.

வங்காளி தெரியாது. இந்தியும் அரைகுறை.

நான் போனபோது எனக்கு இரண்டுமே தெரியாது. ‘ஜொல்’ என்றால் தண்ணீர், ‘பாத்’ என்றால் சோறு, ‘பேத்தா’ என்றால் வலி, ‘ஆஸ்தே’ என்றால் மெதுவாக. இந்த நான்கும் முதல் வாரத்துக்குப் போதும். ஆண்களைத் ‘தாதா’ என்றும் பெண்களைத் ‘தீதி’ என்றும் கூப்பிடலாம். வேலை தேடி வந்தவர்கள், ரயிலில் வழி தவறியவர்கள் என்று பிற மாநிலத்தவரும் அங்கே வந்து சேர்வதுண்டு. யார் கண்டது, ஒருவர் தமிழராக இருக்கலாம். அப்படி ஒருவரைக் கண்டால் உடனே சகோதரியிடம் சொல்லுங்கள். ஊர்ப் பெயரையும் உறவினர் பெயரையும் அவருடைய மொழியிலேயே கேட்டு எழுதிக் கொடுக்கும் ஒருவர், ஒரு மாதம் துணி துவைப்பவரைவிட அன்று பெரிய உதவி செய்தவராவார்.

எங்கே தங்குவது?

சபை தங்குமிடம் தருவதில்லை. வெளியூர்த் தொண்டர்கள் பெரும்பாலும் சட்டர் தெருவில் தங்குவார்கள். அங்கே மலிவான விடுதிகள் நெருக்கமாக உள்ளன. அங்கிருந்து மதர் ஹவுஸுக்கு நடந்தே போகலாம். காளிகாட்டுக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது.

குறைந்தது எத்தனை நாள் இருக்க வேண்டும்?

ஒரு நாள் மட்டும் வருகிறவரையும் அனுப்பிவிடுவதில்லை. ஆனால் முதல் இரண்டு நாள் நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள், மற்றவர் நேரத்தைச் செலவழிக்கிறீர்கள். மூன்றாம் நாளிலிருந்துதான் இல்லத்துக்கு உங்களால் லாபம். இரண்டு வாரமாவது ஒதுக்க முடிந்தால் நல்லது. கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் தொண்டர் கூட்டம் அலைமோதும், ஒரு வாளிக்கு நான்கு கைகள் நீளும். கூட்டம் குறைந்த மாதங்களில், குறிப்பாக ஆவணி புரட்டாசி மழையில் போகிறவர்களுக்குத்தான் வேலை மிச்சம் இருக்கும்.

பணமோ பொருளோ கொடுக்க விரும்புகிறேன்.

சபை தன் பெயரில் நிதி திரட்ட யாரையும் அனுமதிப்பதில்லை. ஆகவே ‘அன்னை தெரேசா இல்லத்துக்கு’ என்று உண்டியல் ஏந்தி வருகிறவரிடம் கொடுக்க வேண்டாம். கொடுப்பதை நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நீங்களும் உங்கள் அலுவலகத்திலோ பங்குக் கோவிலிலோ அவர்கள் பெயரில் வசூலிக்காதீர்கள்.

பொருள் என்றால், என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பெரியவர்களுக்கான டயப்பர், பருத்தி விரிப்பு, லுங்கி, முன்பக்கம் திறக்கும் நைட்டி, சோப்பு, கிருமிநாசினி போன்றவை எப்போதும் செலவாகும். பழைய பட்டுப்புடவையும் காலாவதியான இருமல் மருந்தும் கொண்டுவந்து கொடுப்பவர்கள் தங்கள் வீட்டு அலமாரியைத்தான் சுத்தம் செய்கிறார்கள். வாசலில் கையேந்தி நிற்பவர்களுக்குப் பணம் கொடுப்பதைத் தவிர்க்குமாறு தொண்டர்களிடம் சொல்லப்படும். முதல் நாள் அது கல்நெஞ்சமாகத் தோன்றும். இரண்டாம் நாள் உங்களைத் தேடி இருபது பேர் வந்து நிற்கும்போது காரணம் புரியும்.

இந்த இல்லங்களைப் பற்றிக் கடுமையான விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். அவை உண்மையா?

சில உண்மை. அவற்றை மறைத்துவிட்டு உங்களைப் போகச் சொல்வது நேர்மையாகாது.

1994இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் கொல்கத்தா இல்லத்தை நேரில் பார்த்துவிட்டு எழுதினார். நோயைக் கண்டறிவதில் முறை இல்லை என்றும், குணமாகக்கூடிய நோயாளியையும் குணமாகாத நோயாளியையும் பிரித்தறிய எளிய வழிமுறைகள்கூட வகுக்கப்படவில்லை என்றும், கடும் வலிக்கு வலுவான வலிநிவாரணி இல்லாததே இதை மற்ற நாடுகளின் அந்திமக் காப்பகங்களிலிருந்து வேறுபடுத்துகிறது என்றும் குறை சொன்னார். அதே கட்டுரையில் அவர் தூய்மையையும், புண்களைப் பராமரிப்பதையும், அங்கே காட்டப்படும் கனிவையும் பாராட்டவும் செய்தார். எதிர்ப்பவர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள், ஆதரிப்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும். வலியையும் துன்பத்தையும் புனிதமாகப் பார்க்கும் மனப்போக்கு சபைக்குள் இருந்தது என்பது மற்றொரு குற்றச்சாட்டு. வருகிற பெருந்தொகையில் எவ்வளவு எங்கே செலவாகிறது என்பது வெளியே தெரிவதில்லை என்ற குறையும் நீண்ட நாளாக உண்டு. 2021 டிசம்பர் 25 அன்று, வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான சபையின் பதிவைப் புதுப்பிக்க மத்திய உள்துறை அமைச்சகம் மறுத்தது. இரண்டு வாரங்களுக்குள், 2022 ஜனவரி முதல் வாரத்தில், அது மீண்டும் அளிக்கப்பட்டது.

என் கருத்து இது: காளிகாட் ஒரு மருத்துவமனை அல்ல, தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் ‘நாங்கள் மருத்துவமனை அல்ல’ என்பது, வலியில் துடிப்பவருக்கு மாத்திரை இல்லாமல் இருப்பதற்குப் பதில் ஆகாது. நான் இருந்த நாள்களில் மருத்துவர்கள் வந்து போனார்கள், சிலரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒரு தொண்டராக நீங்கள் செய்யக்கூடியது, ஒருவருக்கு வலி கூடியிருக்கிறது, மூச்சு மாறியிருக்கிறது என்று கண்டால் அதைத் தயங்காமல் பொறுப்புச் சகோதரியிடம் சொல்வதும், அவர் மறந்தால் மறுபடி சொல்வதும்.

நோயாளிகளை மதம் மாற்றுகிறார்களா?

இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அவர்கள் அறியாமலேயே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கப்பட்டதாகச் சபையிலிருந்து விலகிய ஒருவர் எழுதியது உண்டு. சபை அதை ஏற்கவில்லை. நான் கண்டதை மட்டும் சொல்ல முடியும். ஒருவர் சேர்க்கப்படும்போது பெயரும் மதமும் குறித்துக்கொள்ளப்படும். இறந்தவர் இந்து என்றால் எரியூட்டவும், முஸ்லிம் என்றால் அவர்கள் முறைப்படி அடக்கம் செய்யவும் ஏற்பாடு செய்தார்கள். என் கண்முன் யாரிடமும் யாரும் மதம் பற்றிப் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. அதே வேளையில், இது கிறிஸ்தவ நிறுவனம் என்பதை அவர்கள் மறைப்பதில்லை: மிக எளியவருக்குச் செய்தது தனக்கே செய்தது என்று மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து சொல்வதே அவர்களுடைய வேலையின் முழுக் காரணம். அதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

படம் எடுக்கலாமா?

கூடாது. அலைபேசியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

தெருவில் மோசமான நிலையில் ஒருவர் கிடப்பதைக் கண்டால் நானே இல்லத்துக்குக் கொண்டுவரலாமா?

முதலில் அவரிடம் பேசிப் பாருங்கள். நடைபாதையில் படுத்திருக்கும் எல்லோரும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். குடும்பத்தோடு பல ஆண்டுகளாக அதே இடத்தில் வாழ்கிறவர்களும், கூலி வேலை முடித்துத் தூங்குகிறவர்களும் உண்டு. விருப்பமில்லாதவரைத் தூக்கி வருவது உதவி அல்ல. நினைவின்றிக் கிடப்பவர், புண்ணில் புழு வைத்தவர் என்றால், அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு, சகோதரிகளுக்கும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். ஹவுரா, சியால்தா ரயில் நிலையங்களில் இப்படிப்பட்டவர்களைத் தேடிச் செல்லும் வழக்கம் தெரிந்த பழைய தொண்டர்கள் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து போவது நல்லது.

மரணத்தை நேரில் பார்த்ததில்லை. தாங்க முடியுமா?

எனக்கும் அதுவே முதல் முறை. காலையில் நான் முகம் மழித்துவிட்ட பெரியவரின் கட்டில், பிற்பகல் திரும்பியபோது காலியாக இருந்தது. விரிப்பு மாற்றி, நீலநிற மெத்தையை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் அழவில்லை. நான் கேட்டதற்கு ஒரு சகோதரி, பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்று சொல்லிவிட்டு, என் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து அடுத்த கட்டிலைக் காட்டினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை டீ குடிக்கும்போது மற்றத் தொண்டர்களிடம் அதைப் பேசினேன். அந்த ரொட்டியும் வாழைப்பழமும் வைக்கும் மேசை பாதி இதற்காகத்தான் இருக்கிறது. தாங்க முடியவில்லை என்றால் வேறு இல்லத்துக்கு மாற்றிக் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவ்வளவு தூரம் போக முடியாது. தமிழ்நாட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். இச்சபைக்குச் சென்னையிலும் இல்லங்கள் உண்டு. அங்கே தொண்டர் கூட்டம் இல்லாததால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலை உண்மையாகவே பயன்படும். தவிர, ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வீடற்றோர் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியதை அடுத்து, சென்னை மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களின் துணையோடு காப்பகங்கள் நடத்துகிறது. அங்கே உடல் உழைப்பைவிட, ஆதார் அட்டை, முதியோர் ஓய்வூதியம், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றுக்காக ஒருவரோடு வரிசையில் நிற்க ஆள் தேவைப்படுகிறது. கொல்கத்தா செல்லும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மொழி தெரிந்த ஊரில் உங்கள் மதிப்பு இரண்டு மடங்கு.

கடைசி நாளில் என்ன செய்ய வேண்டும்?

காலை உணவின்போது, இன்று யார் புறப்படுகிறார்கள் என்று கேட்பார்கள். கை தூக்கினால் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு நன்றிப் பாட்டுப் பாடுவார்கள், கூச்சமாகத்தான் இருக்கும். இல்லத்துக்குப் போனதும் பொறுப்புச் சகோதரியிடம் இன்றோடு முடிகிறது என்று சொல்லிவிடுங்கள், அப்போதுதான் நாளைய வேலைக்கு வேறு ஆளைப் பார்ப்பார். நீங்கள் ஊட்டிவந்தவர், நாளைக்கு வருவாயா என்று கேட்டால், வருகிறேன் என்று சொல்லாதீர்கள். வரமாட்டேன், ஊருக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். கட்டியிருந்த ஏப்ரன் உங்களுடையது அல்ல. அதைத் துவைத்துப் பிழிந்து, மாடிக் கொடியில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.